மச்சம் எங்கே

“தோல் வழவழன்னு பளிங்கு மாதிரி இருக்கேப்பா. இதுல எங்க இருக்கு தடிப்பு?”

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த கைப்பேசியிலிருந்து குழந்தை டாக்டரின் குரல் கடை முழுக்கக் கேட்டது. ஸ்டூடியோக்காரன் அதன் மேல் குனிந்து, கிணற்றுக்குள் இருப்பவரோடு பேசுகிறவன் போலச் சத்தம் போட்டுப் பேசினான்.

“தொடையில டாக்டர். கழுத்துலயும் இருக்குன்னு சொல்றா.”

“யாரு சொல்றா?”

“வீட்ல.”

“நீ பாத்தியா?”

“காலையிலேர்ந்து கூட்டம் டாக்டர். ஒரு கம்பெனி ஆளுங்க மொத்தமா அடையாள அட்டைக்கு வந்து நிக்கிறாங்க. மேல ஓடிப் போய் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினதோட சரி.”

“காய்ச்சல் இருக்கா?”

ஸ்டூடியோக்காரன் தன் அக்காவைப் பார்த்தான். கல்லாவில் உட்கார்ந்து, எடுத்த படங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்த அக்கா, தலையை நிமிர்த்தாமலே கையை விரித்து ஆட்டினாள்.

“இப்ப இல்ல டாக்டர். அக்கா தொட்டுப் பாத்துட்டாங்க.”

“அப்ப வேர்க்குருவா இருக்கும். காத்தோட்டமா வை. ஆனா ஒண்ணு, காய்ச்சல்னு வந்தா போன் பண்ணிட்டு உக்காந்திருக்காத. தூக்கிட்டு வந்துடு. ஒன்றரை மாசக் குழந்தை.”

“சரிங்க டாக்டர்.”

பேச்சு முடிந்து கைப்பேசி அணைந்தபோது மாடிப்படியில் காலடி கேட்டது. ஸ்டூடியோவுக்கு மேலேதான் வீடு. அவன் மனைவி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தலைகூட வாராமல் இறங்கி வந்தாள்.

கடையில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. வைத்தவன் புருஷன். படம் பிடிப்பது அவன் வேலை. பிடித்த படத்திலிருந்து பருவையும் வடுவையும் கருவளையத்தையும் எடுப்பது அவள் வேலை. மூலையில் இருக்கும் கணினித் திரையில் ஒரு கன்னத்தை மட்டும் அகலமாக விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் திரும்ப மாட்டாள். அந்தத் தெருவில் யார் மூக்கில் எந்தப் பக்கம் கரும்புள்ளி என்று அவளைக் கேட்டால் தெரியும்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“வேர்க்குருவாம். காத்தோட்டமா வெக்கச் சொன்னாரு.”

“எதப் பாத்து சொன்னாரு?”

“போட்டோவப் பாத்துதான்.”

“பால் குடிக்க மாட்டேங்கறான்னு சொன்னீங்களா?”

“அது... கேக்கல அவரு.”

“கேட்டாத்தான் சொல்வீங்களா? வாய வெச்சா அப்படியே கண்ண சொருகிடறா. எழுப்பினா முனகறா. காலையிலேர்ந்து ஒரு அழுகை கிடையாது, முனகல்தான்.”

“அழலேன்னா அதுக்கும் ஒரு குறையா?” என்றாள் அக்கா. “என் பெரியவன் அழுத அழுகைக்கு எதிர்வீட்டுக்காரங்க வீட்டையே காலி பண்ணிட்டுப் போனாங்க. அமைதியா ஒண்ணு பொறந்திருக்கேன்னு சந்தோஷப்படுவியா!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கைப்பேசியைப் புருஷன் பக்கம் தள்ளினாள்.

“அந்த போட்டோவக் காட்டுங்க.”

படம் வந்தது. வெளுத்த, மழமழப்பான, மெழுகுப் பொம்மையின் தொடை. அவள் இரண்டு விரலால் அதை விரித்தாள். இன்னும் விரித்தாள்.

“மச்சம் எங்க?”

“என்ன மச்சம்?”

“உங்க பொண்ணோட மச்சம். இடது தொடையில, முட்டிக்கு மேல. பொறந்தன்னிக்கு அக்காதான் கண்டுபிடிச்சாங்க, ஆஸ்பத்திரியில மாத்திட்டாக்கூட அடையாளம் இருக்குன்னு. அது எங்க இதுல?”

ஸ்டூடியோக்காரன் எட்டிப் பார்த்தான். படத்தை நகர்த்திப் பார்த்தான். மேலும் கீழும் இழுத்தான். மச்சம் இல்லை.

“இது கடை போன்டி.”

“ஆமா. கடை போன்தான்.”

கடையின் கைப்பேசியில் ஒரு ஏற்பாடு இருந்தது. தோல் என்று கண்டுகொண்டால் போதும், தானாகவே மெழுகிவிடும். அவசரமாக வந்து அவசரமாகப் போகிற வாடிக்கையாளருக்காக வைத்தது. அரை நிமிஷத்தில் எவரும் பத்து வயது குறைந்து வெளியே போவார்கள்.

“நீதானே அத வெச்சுக் குடுத்த?” என்றான் அவன், குரல் இறங்கி.

“நான்தான் வெச்சேன். அதனாலதான் எனக்குத் தெரியுது. மச்சத்தையே தின்னுட்டது, மத்தத மிச்சம் வெச்சிருக்குமா? டாக்டர் பாத்தது வேற யாரோட காலோ.”

“கொண்டா இப்படி.” அக்கா கல்லாவை விட்டு எழுந்து வந்து குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். “காய்ச்சலே இல்ல. தொட்டுப் பாரு. எல்லாம் விட்டுப் போச்சு.”

“விடிகாலையில கொதிச்சுதே அக்கா.”

“அதான் மருந்து குடுத்தேனே.”

கம்பெனி ஆட்களில் ஒருவர் இருமினார்.

“என்ன மருந்து?”

“என் சின்னவனோடது. காய்ச்சல் மருந்து, இனிப்பா இருக்குமே. கால் மூடி ஊத்தினேன். நீ குளிக்கப் போயிருந்த.”

“அப்ப காய்ச்சல் போகலக்கா. ஒளிஞ்சிட்டிருக்கு.”

“மூணு புள்ள பெத்து வளத்தவ நான். என்கிட்டயே சொல்றியா?”

“உங்க மூணுக்கும் நான் எதுவும் சொல்லல. என் ஒண்ணுக்கு சொல்றேன்.”

அவள் குழந்தையைக் கல்லா மேசை மேல் கிடத்தித் துணியை விலக்கினாள். வரிசையில் முதலில் நின்றவர் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கழுத்து மடிப்பில் பொடிப் பொடியாய்ச் சிவப்பு. தொடையில் வேறு மாதிரி: பேனா முனையால் தொட்டுத் தொட்டு வைத்தாற்போல ஊதாப் புள்ளிகள். நடுவே இரண்டு, பரவின மை போல.

பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குக் கிளம்புகிற தாய்மார்களை உட்காரவைத்து வார்டு நர்ஸ் ஒருத்தி சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. எல்லாருக்கும்தான் சொன்னாள். அன்றைக்குப் பாதிப் பேர் கேட்கவில்லை, பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவள், புருஷன் தண்ணீர் குடிக்கும் கண்ணாடி டம்ளரை எடுத்து, தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கண்ணாடியின் பக்கவாட்டைக் குழந்தையின் கழுத்தில் அழுத்தினாள்.

“என்ன பண்ற?”

“பாருங்க. செகப்பு போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“அது வேர்க்குரு. டாக்டர் சொன்னது சரிதான். இப்ப இங்க பாருங்க.”

தொடையில் அழுத்தினாள். கண்ணாடிக்குள் தோல் வெளுத்தது. புள்ளிகள் வெளுக்கவில்லை. ஒன்றுகூட. கண்ணாடிக்கு அடியில் அப்படியே முறைத்துக்கொண்டு நின்றன.

“போகல,” என்றான் ஸ்டூடியோக்காரன்.

“போகாம இருந்தா ஒரு நிமிஷம் நிக்காதீங்கன்னு அந்த நர்ஸ் சொன்னா. நான் போறேன்.”

“இரு, இவங்கள முடிச்சிட்டு நானும் வரேன்.”

“நீங்க முடிச்சிட்டு வாங்க. நான் இருக்க மாட்டேன்.”

“ஏ பூதக்கண்ணாடி, திரும்ப ஒரு போன் போட்டுக் கேட்டுட்டாவது...”

“போன்ல பாத்த வரைக்கும் போதும்.”

அக்கா அதற்குள் பவுடர் டப்பாவோடு வந்துவிட்டாள். “சரி, போறதுதான் போற. நாலு பேர் பாக்கற எடம். மூஞ்சியத் தொடச்சு கொஞ்சம் பவுடராவது...”

“ஒண்ணும் பூசாதீங்க!”

அவள் அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அக்காவின் கையில் பவுடர் டப்பா அப்படியே நின்றது.

“அழுக்கா இருந்தாலும் பரவால்ல. அவ இருக்கறபடி இருக்கட்டும். டாக்டர் அவளப் பாக்கட்டும், பவுடரப் பாக்க வேணாம்.”

கம்பெனி ஆட்களின் வரிசை தானாகவே இரண்டாகப் பிளந்து வழிவிட்டது.

*

டாக்டரின் கிளினிக் இரண்டு தெரு தள்ளி. முன்னறையில் உட்கார இடமில்லை. மேசைக்குப் பின்னால் டோக்கன் கொடுக்கும் அம்மா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

“டோக்கன் எடுத்தியா?”

“இல்லீங்க. அவசரம். குழந்தைக்கு ஒன்றரை மாசம், காய்ச்சல், உடம்புல புள்ளி.”

“இங்க வர்ற எல்லாருக்கும் அவசரம்தான். கொண்டா, காய்ச்சல் பாப்போம்.” அக்குளில் வெப்பமானியைச் செருகினாள். அது கீச்சென்று கத்தியதும் எடுத்துப் பார்த்தாள். “காய்ச்சலே இல்லையேம்மா.”

“வீட்ல காய்ச்சல் மருந்து குடுத்துட்டாங்க.”

“குடுத்தது வேலை செய்யுது. சந்தோஷப்படு. போய் உக்காரு.”

“அந்த மருந்து காய்ச்சலத்தான் எறக்கும். காய்ச்சல் ஏன் வந்துச்சோ அத எறக்காது. இந்தக் காலப் பாருங்க ஒரு தடவ.”

“வேர்க்குரு. இந்தப் புழுக்கத்துல எல்லாருக்கும் இருக்கு. எனக்கே இருக்கு, காட்டவா?”

முன்னறை சிரித்தது. அந்தச் சமயம் உள்ளறைக் கதவு திறந்து ஒரு தகப்பனும் பிள்ளையும் வெளியே வந்தார்கள். அவள் மூடப்போன கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருப்புக்காலை வைத்தாள்.

“ஏய்! ஏய்! அடுத்த ஆள் போகணும்!”

“நானும் ஆள்தான்.”

“அதெப்படி?” என்று கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்தாள். அவள் முறைதான் அடுத்து. “நாங்கெல்லாம் காத்துட்டுத்தானே கெடக்கறோம்? உன் புள்ள மட்டும் புள்ள, எங்களது என்ன, பொம்மையா?”

“உங்க புள்ள அழுதுங்க. என் புள்ள அழல.”

அந்தப் பெண் அருகில் வந்து துணிக்குள் பார்த்தாள். சாம்பல் பூத்த சின்ன முகத்தைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த குழந்தையோ காது கிழிய அழுதுகொண்டே இருந்தது.

“போ,” என்றாள். “போம்மா நீ. உள்ள போ.” தானே கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “என்னம்மா இது? இப்பதானே உன் வீட்டுக்காரர்கிட்ட பேசினேன்? போட்டோவும் பாத்துட்டேனே.”

“நீங்க பாத்தது என் பொண்ணு தோல் இல்ல டாக்டர். எங்க கடைச் சரக்கு.”

“என்ன?”

“அந்த போன் தானா மெழுகிடும். மச்சத்தக்கூட மெழுகிடுச்சு. காய்ச்சல் இல்லன்னு சொன்னதும் மருந்து மறைச்சதுதான். பால் குடிக்கல. அழல. நீங்க உங்க கண்ணால பாருங்க. வேர்க்குருன்னு சொன்னா மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேன், வெளிய இருக்கற எல்லார்கிட்டயும் கேக்கறேன்.”

டாக்டர் துணியை விலக்கினார். கட்டைவிரலால் ஒரு புள்ளியை அழுத்தினார். எடுத்தார். இன்னொன்றை அழுத்தினார். குழந்தையின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், உச்சிக்குழியைத் தடவினார். அதற்கப்புறம் கதவைப் பார்த்துக் கத்தினார்.

“சிஸ்டர்! ஊசி எடுத்துட்டு வாங்க. வெளிய இருக்கற அம்மாவ ஆம்புலன்சுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு நான் பேசறேன்.”

பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார்.

“இந்தப் புள்ளி எப்பலேர்ந்து?”

“காலையில மூணு நாலு இருந்துச்சு. இப்ப எண்ண முடியல.”

“ரத்தத்துல கிருமி ஏறியிருக்கலாம்மா. மூளையச் சுத்தி இருக்கற சவ்வு வரைக்கும் போயிருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். பரிசோதனை பண்ணாம உறுதியா சொல்ல முடியாது. ஆனா இந்த விஷயத்துல இருக்கலாம்னு தோணிட்டா நான் காத்திருக்க மாட்டேன்.”

“பொழைச்சுக்குவாளா?”

“நீ வந்துட்ட. இனிமே எங்க வேலை.”

“நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல டாக்டர்.”

டாக்டர் மருந்தை ஊசிக்குள் இழுப்பதை நிறுத்தாமலே சொன்னார்: “இல்லதான்.”

ஆம்புலன்ஸ் வந்தபோது டோக்கன் அம்மா வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று கூட்டத்தை விலக்கினாள். “தள்ளுங்க! தள்ளுங்கன்னா! அங்க என்ன வேடிக்கை? குழந்தை போகுது, கண்ணு தெரியல?” அவள் குரலில் சற்று முன்னிருந்த சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

*

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஸ்டூடியோக்காரனும் அக்காவும் ஓடி வந்தபோது, பாப்பாவின் பாதத்தில் ஊசி செருகி, அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அவன் கழுத்தில் காமிரா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“படம் பிடிக்கவா வந்தீங்க?” என்று அவள் கேட்டாள்.

அவன் குனிந்து பார்த்து அப்போதுதான் அதைக் கண்டான். “கடைய அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். அந்தக் கம்பெனி ஆளுங்கதான் ஷட்டர எறக்கி விட்டாங்க.”

வார்டில் இருந்த இளம் டாக்டரம்மா தலையை நிமிர்த்தினாள். “குழந்தைக்கு வேற என்ன மருந்து குடுத்தீங்க? யாரு குடுத்தது, எவ்வளவு?”

ஸ்டூடியோக்காரன் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தாள். புடவைத் தலைப்பிலிருந்து முடிச்சவிழ்த்து ஒரு சின்ன சீசாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

“நான்தான் குடுத்தேன். இதுதான் மருந்து. கால் மூடி, கொஞ்சம் கூடவே இருக்கும். பால்காரன் வந்துட்டுப் போன உடனே குடுத்தேன். அப்புறம் குடுக்கல. என்னைத் திட்டணும்னா பின்னாடி எல்லாரும் சேந்து திட்டுங்க, இப்ப எழுதிக்கோங்க.”

“திட்ட நேரமில்லம்மா,” என்றாள் டாக்டரம்மா சீசாவைத் திருப்பிப் படித்துக்கொண்டே. “ஆனா மூணு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு காய்ச்சல்னா முதல்ல எங்ககிட்ட வரணும். மருந்து அப்புறம்.”

“வர்றேன். இனிமே தும்மினாலே வர்றேன்.”

டாக்டரம்மா ஒரு பேனாவை எடுத்து, புள்ளிகள் எதுவரை வந்திருக்கின்றன என்று குழந்தையின் தொடையில் எல்லை கட்டினாள். இடுப்பிலும் ஒரு கோடு. “இந்தக் கோட்டத் தாண்டி ஏதாவது வந்தா உடனே கூப்பிடுங்க.”

“ஒப்பிட்டுப் பாக்க போட்டோ எடுத்து வெச்சுக்கட்டுமா டாக்டர்?” என்று கேட்டுவிட்டான் ஸ்டூடியோக்காரன், சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தபடி.

மனைவி அவனைப் பார்த்தாள். அக்கா பார்த்தாள். அவன் கைப்பேசியைத் திரும்பப் பைக்குள் போட்டான்.

“பேனாவே இருக்கட்டும்,” என்றான்.

அன்றைக்கு முழுக்க மூன்று பேரும் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்தில் ஒரு புள்ளி கோட்டைத் தாண்டியது. பூதக்கண்ணாடிதான் கண்டாள்; மற்றவர்களுக்குக் காட்டியபிறகும் தெரியவில்லை. ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். மருந்தைக் கூட்டினார்கள்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்து சொன்னாள்: “குழந்தை நேத்தைவிட இன்னிக்கு கொஞ்சம் நிதானமா இருக்கா. இப்ப முதுகுலேர்ந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பாக்கணும். சின்ன ஊசிதான். அப்பா அம்மா சம்மதம் வேணும்.”

ஸ்டூடியோக்காரன் தலையைத் திருப்பினான். சின்ன வயதில் இருந்தே அவன் எது வாங்கினாலும் எது விற்றாலும் திரும்பிப் பார்க்கும் திசை ஒன்றுதான். “அக்கா, நீ என்ன சொல்ற?”

“முதுகுலயா? வேணாம்ப்பா. பொண்ணு புள்ள. அங்க குத்தி, நாளைக்கு நடக்க முடியாம போயிட்டா யாரு பதில் சொல்றது?”

அவள் அக்காவைத் தாண்டி முன்னால் வந்தாள். டாக்டரம்மாவிடம் கேட்டாள்: “நடக்க முடியாம போகுமா?”

“நரம்புத் தண்டு முடியற எடத்துக்குக் கீழதான்மா குத்துவோம். அங்க தண்ணிதான் இருக்கு. குத்தாம விட்டா கிருமி மூளைச் சவ்வுல இருக்கா இல்லையான்னு தெரியாது. எத்தனை நாளைக்கு மருந்து போடணும்னும் தெரியாது. கண்ண மூடிட்டுப் போட்ட மாதிரி ஆயிடும்.”

“எடுங்க.”

“அவசரப்படாதடி,” என்று அக்கா அவள் கையைப் பிடித்தாள். “ஒரு வார்த்தை கலந்து பேசிட்டு...”

“அக்கா. நேத்து காலையில அந்த மருந்த ஊத்தினப்ப என்கிட்ட கேட்டீங்களா?”

அக்காவின் பிடி தளர்ந்தது.

“கேக்கல,” என்றாள்.

“இப்ப நானும் கேக்கல.”

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவைப் புருஷனிடம் நீட்டினாள். அவன் ஒருமுறை, பழக்க தோஷத்தில், அக்கா பக்கம் தலையைத் திருப்பப் போனான்.

“அங்க என்ன? புள்ளைக்கு அப்பன் நீங்களா, அவங்களா?”

அவன் போட்டான். எழுத்து கோணலாக வந்தது. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்: “கேக்காததும் நல்லதுதான். நான் பயந்தாங்கொள்ளி. சத்தம் மட்டும்தான் பெருசு.”

நீரில் கிருமி இருந்தது. இன்னதென்று தெரிந்ததால் மருந்தும் இன்னதென்று ஆயிற்று. கோட்டுக்கு வெளியே வந்த புள்ளி அங்கேயே நின்றது. பக்கத்தில் புதிதாக எதுவும் வரவில்லை. ஆனால் குழந்தை கண்ணைத் திறந்து யாரையும் பார்க்கவில்லை. குழாய் வழியாகத்தான் பால் போயிற்று. அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குழந்தையின் காதில் பேசிக்கொண்டிருந்தாள்.

“என்ன பேசற?” என்று நர்ஸ் கேட்டாள்.

“சண்டை போடறேன். இவ்வளவு தூரம் எல்லார்கிட்டயும் வாய்ச்சண்டை போட்டு இழுத்துட்டு வந்திருக்கேன், நீ பாட்டுக்கு சொகமா தூங்கினா எப்படின்னு கேக்கறேன்.”

“அது என்ன சொல்லுது?”

“இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல. விடப்போறதில்ல நான்.”

பதில் வர இன்னும் நாலைந்து நாள் ஆயிற்று. பகல் சாப்பாட்டு நேரம். வராந்தாவில் தம்பிக்கு உருண்டை உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா திடுக்கிட்டு எழுந்தாள். வார்டுக்குள்ளிருந்து, தகரத்தைக் கிழிப்பதுபோல ஓர் அழுகை.

“யாரு வீட்டுக் குழந்தை அது, இப்படிக் கத்துது?”

கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வெளியே வந்தாள். “உங்க வீட்டுதுதான். பசியாம். வார்டையே தூக்கிட்டுப் போகுது. உள்ள வந்து பாருங்க.”

பாப்பா முகம் சிவக்க, முஷ்டி இரண்டையும் உயர்த்தி, வந்தவர் போனவர் அத்தனை பேரையும் ஏசுகிற மாதிரி அழுதுகொண்டிருந்தாள். அவள் அம்மா அவளைவிட அதிகமாக அழுதுகொண்டு, சிரித்துக்கொண்டு, ரவிக்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல குரல்,” என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சி. “எங்க பக்கத்துக் குரல்.”

வீட்டுக்கு அனுப்புமுன் டாக்டரம்மா சொன்னாள்: “இந்த நோய் சில சமயம் காதப் பாதிக்கும். காது கேக்குதான்னு பரிசோதனைக்கு மறக்காம வரணும். இந்தத் தொடையில ரெண்டு எடத்துல தோல் கொஞ்சம் பட்டுப்போச்சு. தழும்பு இருக்கும்.”

“பொண்ணாச்சே டாக்டர். வளந்தா போயிடுமா?” அக்காதான்.

“முழுசா போகாதும்மா.”

“இருக்கட்டும்,” என்றாள் பூதக்கண்ணாடி. “தழும்பு இருக்கணும்னா கால் இருக்கணும். கால் இருக்கணும்னா அவ இருக்கணும். இருக்கட்டும் விடுங்க.”

*

காதுப் பரிசோதனையில் பாப்பா தேறினாள். அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு ஒருநாள், குழந்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு தாய் ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

“பாஸ்போர்ட்டுக்கு போட்டோ வேணும். மூஞ்சியெல்லாம் ஏதோ பொரிஞ்சிருக்கு. அத எடுத்துட்டுத்தானே குடுப்பீங்க?”

கல்லாவில் இருந்த அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “எத்தனை மாசம்?”

“ரெண்டு முடியப்போகுது.”

“காய்ச்சல் இருக்கா?”

“இல்ல.”

“தொட்டுப் பாத்தா, அளந்து பாத்தா?”

“அட, அளந்துதான். ஏன்?”

“மருந்து எதுவும் குடுத்தியா? பொய் சொல்லாத, என் மூஞ்சியப் பாத்து சொல்லு.”

“குடுக்கல. நான் போட்டோ எடுக்க வந்தேனா, வைத்தியம் பாக்க வந்தேனா?”

“ரெண்டும்தான். இந்தக் கடையில அப்படித்தான். பால் குடிக்குதா? அழுவுதா?”

“அழுகையா? ராத்திரி தெருவே தூங்கல.”

“பூதக்கண்ணாடி!” என்று அக்கா உள்ளே பார்த்துக் கூவினாள். “டம்ளர எடுத்துட்டு வா.”

அவள் கணினியை விட்டு எழுந்து வந்தாள். கண்ணாடி டம்ளரைத் துடைத்துக் குழந்தையின் கன்னத்தில் மெல்ல அழுத்தினாள். சிவப்பு மறைந்தது. எடுத்ததும் வந்தது. மறுபடி அழுத்தி, மறுபடி பார்த்தாள். குழந்தை கண்ணாடி வழியாக அவளை முறைத்தது.

“மறையுது. காய்ச்சலும் இல்ல, பாலும் குடிக்குது. சும்மாப் பொரிச்சல் மாதிரிதான் தெரியுது. ஆனா நான் டாக்டர் இல்ல. இன்னிக்கே காட்டிடுங்க, ரெண்டு தெரு தள்ளிதான். நேரா தூக்கிட்டுப் போங்க. போட்டோ அனுப்பாதீங்க.”

“சரி சரி. இந்தப் படத்துல அத எடுத்துக் குடுத்துடுவீங்கல்ல?”

“மாட்டேன்.”

“மாட்டீங்களா? அதுதானேங்க உங்க தொழிலு?”

“பெரியவங்க வாங்க, எல்லாத்தையும் எடுத்துத் தரேன். பரு, வடு, போன வருஷத்துக் கவலை, எது வேணாலும். குழந்தைங்க தோல்ல நான் கை வெக்கறதில்ல.”

அந்தத் தாய் வெளியே போகத் திரும்பினாள். போகிற வழியில் கண்ணாடி அலமாரியில் பெரிதாக்கி மாட்டியிருந்த படத்தின் முன் நின்றாள். சட்டையில்லாமல் குப்புறக் கிடந்து தலையைத் தூக்கிச் சிரிக்கிற ஒரு பெண் குழந்தை. இடது தொடையில் முட்டிக்கு மேலே ஒரு மச்சம். மச்சத்துக்குப் பக்கத்தில் இரண்டு தழும்பு, இன்னும் சிவப்பு மாறாமல்.

“இது யாரு? இவ்வளவு பெரிய படம், தழும்ப எடுக்காமலே மாட்டி வெச்சிருக்கீங்க?”

“அது முதலாளி பொண்ணு,” என்றாள் அக்கா. “அவர் ஒரு தடவ எடுக்கப் பாத்தாரு. ரெண்டு நாள் சோறு கெடைக்கல.”

காமிராவுக்குப் பின்னாலிருந்து ஸ்டூடியோக்காரன், “ஒரு நாள்தான்,” என்றான்.

மேலே மாடியில் பாப்பா விழித்துக்கொண்டு தகரத்தைக் கிழித்தாள். அக்கா உறைகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

“நீ உக்காரு, நான் போறேன்,” என்று பூதக்கண்ணாடியிடம் சொல்லிவிட்டுப் படியேறினாள். பாதிப் படியில் நின்று திரும்பி, வந்தவளிடம் சொன்னாள்: “நீ என்ன நின்னுட்டே இருக்க? உள்ள போய் உக்காரு. பொரிச்சலோட எடுப்பாங்க. நல்லாத்தான் இருக்கும்.”